டிஸ்க்கை மெதுவாக எழுதினால் தரம் கூடுமா?

கேள்வி இது: பழைய கல்யாண வீடியோக்களை டிவிடி-ஆர் தட்டுகளிலும், குடும்பப் படங்களை ப்ளூ-ரே தட்டுகளிலும் எழுதி வைக்கிறார் ஒருவர். எழுதிய கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. டிவியோடு இருக்கும் ப்ளேயரில் போட்டால் பாதியில் திக்கி நிற்கிறது. எழுதும் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைக்கச் சொல்கிறார்கள். அது போதுமா? எழுதும்போதும் படிக்கும்போதும் சிக்னல் தரத்தை உயர்த்த வேறு வழி உண்டா?

வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைப்பது பல நேரம் நிலைமையை மோசமாக்கும். ஏன் என்று புரிய, தட்டில் தகவல் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குழி என்றால் 1, மேடு என்றால் 0 என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. குழி தொடங்கும் விளிம்பும் முடியும் விளிம்பும்தான் 1. இரண்டு விளிம்புகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அத்தனை 0. இந்தத் தூரத்தை டி என்ற அலகில் அளப்பார்கள், ஒரு பிட் பிடிக்கும் தூரம் 1டி. சிடியில் ஒரு குழியோ இடைவெளியோ 3டி முதல் 11டி வரை இருக்கலாம். டிவிடியிலும் அதேதான், கூடவே ஒத்திசைவுக்காக ஒரு 14டி வரும். ப்ளூ-ரேயில் மிகச் சிறியது 2டி. ஆக, படிக்கும் கருவி பார்ப்பது வெளிச்சமா இருட்டா என்பதை மட்டும் அல்ல. வெளிச்சம் எந்த நொடியில் மாறியது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. டிஜிட்டல் தட்டு என்று பெயரே தவிர, லென்ஸிலிருந்து வரும் சிக்னல் முழுக்க முழுக்க அனலாக்.

டிவிடியில் 1டி என்பது சுமார் 0.133 மைக்ரான். விளிம்புகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து முன்னும் பின்னும் தள்ளாடுவதற்கு ஜிட்டர் என்று பெயர். அச்சடித்த டிவிடிக்கு இது டி-யில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. கணக்குப் போட்டால் 11 நானோமீட்டருக்கும் கீழே. ஒரு சாயப் படலத்தில் லேசரால் சுட்டு உண்டாக்கும் தடத்தின் விளிம்பு அந்த அளவுக்குத் துல்லியமாக உட்கார வேண்டும். இத்துறையில் நடந்த மேம்பாடுகளில் பெரும்பாலானவை, எழுதும் பக்கமாகட்டும் படிக்கும் பக்கமாகட்டும், இந்த விளிம்பை அதன் இடத்தில் நிறுத்தும் முயற்சிதான்.

முதலில் எழுதும் பக்கம். டிவிடி-ஆரில் லேசர் சாயத்தைச் சூடாக்கிச் சிதைக்கிறது. அந்த இடத்தில் பிரதிபலிப்பு குறைகிறது. 11டி நீளத்துக்கு ஒரு குறி போட வேண்டும் என்றால் லேசரை 11டி நேரம் எரியவிட்டால் போதும் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்தால் வெப்பம் சேர்ந்துகொண்டே போய், குறியின் முன்பக்கம் ஒடுங்கியும் பின்பக்கம் உப்பியும் வரும். தோசைக்கல்லில் முதல் தோசைக்கு வைத்த தீயை நாலாவது தோசைக்கும் அப்படியே வைத்தால் கருகும் அல்லவா, அந்தச் சிக்கல்தான். அதனால் லேசர் ஒரே மூச்சாக எரிவதில்லை. முதலில் சற்று நீளமான ஒரு துடிப்பு, அப்புறம் விட்டு விட்டுச் சின்னத் துடிப்புகள். வேகம் கூடக் கூட அவ்வளவு சீக்கிரம் லேசரை அணைத்து ஏற்றுவது முடியாத காரியமாகிறது. 16எக்ஸ் (அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு) டிவிடியில் 1டி தூரத்தைக் கடக்கும் நேரமே சுமார் 2.4 நானோநொடிதான். அங்கே தொடக்கத்திலும் முடிவிலும் உயர்ந்து, நடுவில் தாழ்ந்திருக்கும் கோட்டைச் சுவர் போன்ற ஒரே துடிப்பைப் பயன்படுத்துகிறார்கள்.

அதோடு முடியவில்லை. முந்தைய குறியின் வால் சூடு, நடுவில் இடைவெளி வெறும் 3டி என்றால், அடுத்த குறியின் தலையை முன்னால் இழுத்துவிடும். இடைவெளி 8டி என்றால் அந்தச் சூடு ஆறியிருக்கும், பாதிப்பு இல்லை. ஆகவே ரைட்டர் (தட்டில் எழுதும் ட்ரைவ்) ஒவ்வொரு துடிப்பையும், அதற்கு முன்னால் என்ன நீளத்தில் இடைவெளி போனது என்று பார்த்து, நானோநொடிக்கும் குறைவான அளவில் முன்னே பின்னே நகர்த்துகிறது. இந்த முழு ஏற்பாட்டுக்கும் ரைட் ஸ்ட்ராட்டஜி என்று பெயர். நல்ல ரைட்டருக்கும் சுமாரான ரைட்டருக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

எந்தத் தட்டுக்கு எந்த ஸ்ட்ராட்டஜி என்று ரைட்டருக்கு எப்படித் தெரியும்? எழுதாத தட்டிலும் சுழல் வடிவில் ஒரு பள்ளம் இருக்கும். அது நேராக ஓடாமல் மெல்ல நெளியும். அந்த நெளிவிலும், டிவிடி-ஆர் என்றால் பள்ளத்தின் ஓரத்தில் முன்கூட்டியே பதித்த சிறு குழிகளிலும், தட்டைத் தயாரித்தவர் யார், எது வகை என்று குறித்திருக்கும். இதுதான் மீடியா ஐடி. ரைட்டரின் ஃபர்ம்வேரில் (உள்ளே பதித்த மென்பொருளில்) தெரிந்த ஐடிகளுக்கெல்லாம் தனித்தனி அமைப்பு உண்டு. மிட்சுபிஷியின் எம்சிசி 004, தாயோ யூடெனின் டிஒய்ஜி03 போன்றவை ஏறத்தாழ எல்லா ரைட்டருக்கும் அத்துப்படி. பெயர் தெரியாத ஐடி வந்தால் பொதுவான ஓர் அமைப்பைக் கொண்டு ஒப்பேற்றும். பெட்டியின் மேல் அச்சடித்த பிராண்டை நம்பி வாங்குவதில் பயன் குறைவு. ஒரே பிராண்ட் பெட்டியில் வெவ்வேறு தொழிற்சாலைத் தட்டுகள் வந்ததுண்டு. நல்ல ஐடியைப் போலியாகப் பதித்து விற்றவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட தட்டில் ரைட்டர் தவறான அமைப்பைத் தன்னம்பிக்கையோடு பயன்படுத்தும், விளைவு தெரியாத ஐடியைவிடக் கேவலமாக இருக்கும்.

ஸ்ட்ராட்டஜி சரி, லேசரின் வலிமை? அதை ரைட்டர் ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. தட்டின் உட்பக்க ஓரத்தில் இதற்கென ஒரு சோதனைப் பகுதி உண்டு. அங்கே வெவ்வேறு வலிமையில் கொஞ்சம் எழுதிப் பார்த்து, திரும்பப் படித்து, குறிகளும் இடைவெளிகளும் சமச்சீராக வருகிற வலிமையைத் தேர்ந்தெடுக்கும். இதைத்தான் ஓபிசி என்பார்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: சோதனை நடப்பது உள் ஓரத்தில், எழுதப்போவதோ வெளி ஓரம் வரை. சாயத்தின் தடிமன் வெளியே போகப் போக மாறலாம், தட்டு லேசாக வளைந்திருக்கலாம். லேசரும் சூடாகிக்கொண்டே போகும். சிவப்பு லேசரின் அலைநீளம் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.2 நானோமீட்டர் நகரும். சாயம் ஒளியை உறிஞ்சும் திறனோ அலைநீளத்துக்கு ஏற்பச் செங்குத்தாக மாறக்கூடியது. 25 டிகிரி சூடு ஏறினால் 5 நானோமீட்டர், அதுவே குறியின் அளவை மாற்றப் போதும். நல்ல ரைட்டர்கள் எழுதிக்கொண்டே திரும்பி வரும் ஒளியைக் கவனித்து வலிமையைத் திருத்திக்கொள்ளும். மலிவானவை அதை ஒப்புக்குச் செய்யும். வரிசையாகப் பத்துத் தட்டு எழுதுகிறவர்களுக்குக் கடைசி இரண்டு மூன்று சொதப்புவது இதனால்தான். நடுவில் ட்ரைவை ஆறவிடுங்கள்.

இப்போது வேகத்துக்கு வருவோம். 16எக்ஸ் என்று விற்கும் தட்டின் சாயம், குறைந்த நேரத்தில் அதிக வலிமை பாய்ந்தால் சிதையும்படி செய்யப்பட்டது. அதை 2எக்ஸில் எழுதினால் சூடு பக்கவாட்டில் பரவ நிறைய நேரம் கிடைக்கிறது, விளிம்பு மழுங்குகிறது. அந்தத் தட்டுக்கு அந்த வேகத்தில் ஸ்ட்ராட்டஜியை யாரும் அக்கறையாகத் தயாரித்திருக்கவும் மாட்டார்கள். சில ரைட்டர்கள் 16எக்ஸ் தட்டில் 4எக்ஸுக்குக் கீழே இறங்கவே சம்மதிக்காது. மறுபுறம், முழு 16எக்ஸில் தட்டு நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதிர்வும் ஃபோகஸ் பிழையும் கூடுகின்றன. எனவே நடுவாந்தரம்தான் சரி. 16எக்ஸ் டிவிடி-ஆருக்கு 8எக்ஸ், 52எக்ஸ் சிடி-ஆருக்கு 16 முதல் 24எக்ஸ், 6எக்ஸ் ப்ளூ-ரேக்கு 4எக்ஸ். அங்கிருந்து தொடங்கி, உங்கள் ட்ரைவும் தட்டும் சேர்ந்து எதில் நன்றாக வருகின்றன என்று அளந்து பாருங்கள். 1எக்ஸில் எழுதினால்தான் பாட்டு இனிக்கும் என்பது 1990களின் தொடக்கத்தில் வந்த சாயங்களுக்கு ஓரளவு பொருந்திய அறிவுரை. அந்தச் சாயங்கள் போய் வெகு காலம் ஆகிறது.

வேகத்தைக் குறைக்காமல் ஜிட்டரைக் குறைக்க யமஹா 2001-02 வாக்கில் ஒரு வழி கண்டுபிடித்தது. தங்கள் சிடி ரைட்டர்களில் ஆடியோ மாஸ்டர் குவாலிட்டி ரெக்கார்டிங் என்று ஒரு முறையைக் கொடுத்தார்கள். சிடி தரவிதியில் தடத்தின் நேர்கோட்டு வேகம் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் வரை இருக்கலாம். எல்லாரும் அதிக நேரம் அடைக்க வேண்டும் என்று 1.2 பக்கமே போவார்கள். யமஹா அதை 1.4-க்கு ஏற்றியது. குறிகள் அதே விகிதத்தில் நீண்டன. விளிம்பின் தள்ளாட்டம் நானோமீட்டரில் அதே அளவுதான் என்றாலும், நீண்டுவிட்ட டி-யோடு ஒப்பிட்டால் விழுக்காடு குறைந்துவிடுகிறது. விலை? 74 நிமிடத் தட்டில் 63 நிமிடம்தான் பிடிக்கும். கெட்டிக்காரத்தனமான வேலை, மற்ற கம்பெனிகள் அதன் பின்னால் பெரிதாக ஓடவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

படிக்கும் பக்கத்தில் முதல் எதிரி ஒளியியலேதான். ஒளிப்புள்ளியின் அளவு அலைநீளத்தை லென்ஸின் எண் துளையால் வகுத்தால் வருவதைப் பொறுத்தது. லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைக் குவிக்கிறது என்பதன் அளவுதான் எண் துளை. சிடிக்கு 780 நானோமீட்டர், 0.45. டிவிடிக்கு 650, 0.60. ப்ளூ-ரேக்கு 405, 0.85. புள்ளி சிறிதானால் நெருக்கமாக எழுதலாம், ஆனால் எல்லாவற்றிலும் பிழைக்கு இருக்கும் சலுகை குறையும். ஃபோகஸ் ஆழம் அலைநீளத்தை எண் துளையின் வர்க்கத்தால் வகுத்தது: சிடியில் கிட்டத்தட்ட 3.9 மைக்ரான், டிவிடியில் 1.8, ப்ளூ-ரேயில் வெறும் 0.56. சுழலும் தட்டு நூற்றுக்கணக்கான மைக்ரான் மேலும் கீழும் ஆடும்போது லென்ஸ் அந்த அரை மைக்ரானுக்குள் துரத்திப் பிடிக்க வேண்டும்.

தட்டு சாய்ந்தால் வரும் கோமா என்ற சிதைவு, எண் துளையின் மூன்றாம் அடுக்கோடும், லேசர் கடந்து போகும் பிளாஸ்டிக்கின் தடிமனோடும் பெருகும். சிடியில் அந்தத் தடிமன் 1.2 மில்லிமீட்டர், டிவிடியில் 0.6, ப்ளூ-ரேயில் 0.1. ஏன் இப்படி மெலிந்துகொண்டே வந்தது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. ப்ளூ-ரே டிவிடியின் 0.6-ஐயே வைத்திருந்தால் சாய்வுக்கு ஆறு மடங்கு அதிகம் அஞ்ச வேண்டியிருக்கும், 0.1 ஆக்கியதால் கிட்டத்தட்ட சிடி அளவுக்குத் தாங்கிக்கொள்கிறது. போட்டிக்கு வந்த எச்டி டிவிடி 0.6-ஐ விடாமல் பிடித்துக்கொண்டது. அதனால் எண் துளையை 0.65-க்கு மேல் கொண்டுபோகவில்லை, ஒரு படலத்தில் 15 ஜிகாபைட்தான் கிடைத்தது. 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டதற்குச் சினிமா கம்பெனிகளின் பேரமே முதல் காரணம் என்றாலும், கொள்ளளவிலும் அது பின்தங்கியே இருந்தது.

மெலிந்த மேலுறைக்கு வேறு விலை உண்டு. லேசர் தட்டின் மேற்பரப்பில் நுழையும் இடத்தில் சிடியில் ஒளிக்கற்றை சுமார் 0.7 மில்லிமீட்டர் அகலம். அவ்வளவு அகலத்தில் ஒரு தூசி கிடந்தாலும் ஒளி அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ப்ளூ-ரேயில் அந்த அகலம் 0.14 மில்லிமீட்டர்தான். ஒரு கைரேகையே பெரிய தடங்கல். அதனால்தான் ப்ளூ-ரேக்குக் கடினப் பூச்சு போட்டார்கள். உறையின் தடிமனில் இரண்டு மூன்று மைக்ரான் வித்தியாசம் வந்தாலும் கோளப் பிறழ்ச்சி (ஒளி ஒரே புள்ளியில் குவியாத கோளாறு) தலைதூக்கும். இரட்டைப் படலத் தட்டில் ஒரு படலம் 100 மைக்ரான் ஆழத்தில், மற்றது 75-இல். ஒவ்வொரு முறை படலம் மாறும்போதும் ட்ரைவ் உள்ளே இருக்கும் இன்னொரு லென்ஸை நகர்த்தி இதை ஈடுகட்டுகிறது.

திரும்பி வரும் ஒளி லேசருக்குள்ளேயே புகுந்தால் லேசர் தடுமாறி இரைச்சல் போடும். இதைத் தவிர்க்க நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில் லேசர் மின்னோட்டத்தை அதிரவைப்பார்கள். வெளியே தெரியாத, ஆனால் பெரும்பாலான ட்ரைவ்களில் இருக்கும் ஏற்பாடு.

அதற்குப் பிறகு எலக்ட்ரானிக்ஸ். ஒளிப்புள்ளி குறியைவிடப் பெரியது, அதனால் பக்கத்துக் குறிகளும் அதற்குள் எட்டிப் பார்க்கும். 11டி சிக்னல் உயரமாக வரும், 3டி குட்டையாக வரும். ஈக்வலைசர் அந்தக் குட்டைகளைத் தூக்கிவிடும். அதிகம் தூக்கினால் இரைச்சலும் சேர்ந்து எழும். ஆசிலாஸ்கோப்பில் (சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவியில்) இந்தச் சிக்னலைப் பார்த்தால் வைர வடிவக் கட்டங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். நடுவிலுள்ள வைரங்கள் திறந்து தெளிவாக இருந்தால் நல்ல சிக்னல், மங்கலாக மூடியிருந்தால் ஜிட்டர். விசிடி, டிவிடி ப்ளேயர்கள் ஓடிய காலத்தில் பல சர்வீஸ் கடைகளில் இந்தப் படத்தைப் பார்க்காமலேயே பிக்கப்பின் (லேசரும் லென்ஸும் உள்ள பாகத்தின்) பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி லேசரை ஏற்றிவிடுவார்கள். தட்டு உடனே ஓடும், வாடிக்கையாளர் மகிழ்வார், சில மாதத்தில் லேசர் செத்துப்போகும். அந்தத் திருகைத் தொடாதீர்கள். முதலில் லென்ஸைத் துடையுங்கள்.

சிடி, டிவிடியில் சிக்னல் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டியதா என்று பார்த்து வெட்டினால் போதுமாக இருந்தது. ப்ளூ-ரேயில் 2டி குறி 0.149 மைக்ரான், அதன் சிக்னல் மிக மெலிது. அங்கே பிஆர்எம்எல் என்ற முறை வந்தது. தனித்தனி விளிம்பைப் பார்த்து முடிவெடுக்காமல், நெடுகப் பல மாதிரிகளை எடுத்து, எந்த வரிசை எழுதப்பட்டிருந்தால் இப்படி ஒரு அலை வரும் என்று கணித்து, மிகப் பொருத்தமானதை ஏற்றுக்கொள்ளும். 2010-இல் வந்த பிடிஎக்ஸ்எல் என்ற அதிகக் கொள்ளளவு ப்ளூ-ரே தட்டு இதை எல்லைக்கே தள்ளியது. ஒரு படலத்தில் 33.4 ஜிகாபைட் அடைக்க 2டி குறியை 0.112 மைக்ரானாகச் சுருக்கினார்கள். 2டி குறியும் இடைவெளியும் மாறி மாறி வந்தால் அதன் சுழற்சி நீளம் 0.224 மைக்ரான். அந்த ஒளியியலால் பார்க்கக்கூடிய மிகச் சிறிய சுழற்சியோ 0.238. அதாவது அந்த இடத்தில் சிக்னலின் உயரம் சுழியம். இருந்தும் முன்னும் பின்னும் வரும் அலையின் வடிவத்தை வைத்து அதைப் படித்துவிடுகிறது. எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த சாதனை இதுதான்.

உங்கள் பிரச்சினைக்கு வருவோம். முதலில், அது சிக்னல் சிக்கல்தானா என்று பாருங்கள். எழுதி முடித்ததும் தட்டை மூடாமல் (ஃபைனலைஸ் செய்யாமல்) விட்டிருந்தால் பழைய ப்ளேயர் எடுக்காது. அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ என்றால் அதன் பிரதிபலிப்பு 18 முதல் 30 விழுக்காடுதான். டிவிடி-ஆர் 45-க்கு மேல். சில ப்ளேயர்களுக்கு அந்த வெளிச்சம் போதாது. ஆனால் தொடக்கத்தில் ஓடிப் பாதியில் திக்குகிறது என்றால் சந்தேகம் வெளி ஓரத்தின் மேல் போகிறது: வளைவு, சூடான லேசர், அல்லது மட்டமான சாயப் பூச்சு. பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்களா? ஒட்டாதீர்கள். பசை காயும்போது தட்டை இழுத்து வளைக்கும், சமநிலையும் போகும். உறைகளில் படுக்கவைத்து அடுக்காமல், பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.

எழுதிய பிறகு அளந்து பாருங்கள். நீரோ டிஸ்க்ஸ்பீட், ஆப்டி டிரைவ் கண்ட்ரோல், லினக்ஸில் க்யூபிஎக்ஸ்டூல் போன்றவை பிழை எண்ணிக்கையைக் காட்டும். லைட்ஆன், பெங்க்யூ, பிளெக்ஸ்டர் போன்ற சில ட்ரைவ்களே அந்த எண்களைக் கொடுக்கும். டிவிடியில் அடுத்தடுத்த 8 பிழைத்திருத்தத் தொகுதிகளில் பிஐ பிழைகள் (திருத்தத்தின் முதல் கட்டத்தில் பிடிபடுபவை) மொத்தம் 280-க்குள் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் திருத்த முடியாத பிஐஎஃப் ஒரு தொகுதியில் 4-க்குள். சிடியில் நொடிக்குப் பிழையுள்ள 220 ஃப்ரேம்கள் (சிறு தரவுத் துண்டுகள்) வரை தரவிதி அனுமதிக்கிறது. புதிதாக எழுதிய நல்ல சிடி அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது. இந்த எண்கள் ட்ரைவுக்கு ட்ரைவ் மாறும். ஆகையால் ஒரே ட்ரைவில், ஒரே வேகத்தில் படித்து ஒப்பிடுங்கள். மொத்த எண்ணைவிட வரைபடத்தின் வடிவம் அதிகம் சொல்லும். வெளி ஓரத்தில் மட்டும் ஏறுகிறதா, எழுதும் வேகம் மாறிய இடத்தில் திடீரென்று எகிறுகிறதா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாத ட்ரைவ் என்றால் முழு வேகத்தில் படிக்கும் சோதனை போதும். கோடு சீராக ஏறினால் நல்லது, நடுவில் விழுந்தால் அங்கே பிழை. இன்னொன்று: எழுதிய ட்ரைவிலேயே சோதித்துத் திருப்திப்படாதீர்கள். தன் கையெழுத்து தனக்குப் புரியும்.

ஏற்கெனவே கெட்டுப்போன தட்டை மீட்க, கீழ்ப்பக்கத்தை மென்மையான துணியால் மையத்திலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு நீளமாக ஓடிப் பிழைத்திருத்தத்தைத் தோற்கடிக்கும். சிடியில் மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. பிரதிபலிக்கும் படலம் அங்கே மெல்லிய அரக்குக்கு அடியில்தான் இருக்கிறது. பிறகு படிக்கும் வேகத்தைக் குறையுங்கள், இங்கே அது உண்மையிலேயே உதவும். ஒரு ட்ரைவில் வராத பகுதி இன்னொன்றில் வரலாம். டிடிரெஸ்க்யூ நிரல் இரண்டு ட்ரைவில் கிடைத்ததையும் ஒரே கோப்பில் சேர்த்துக்கொள்ளும்.

தட்டு வாங்குவதில்தான் இப்போது தொல்லை. தாயோ யூடென் 2015-இல் விலகியது, சோனி எழுதக்கூடிய ப்ளூ-ரே தயாரிப்பை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. கிடைப்பதில் தேர்ந்தெடுக்கும்போது, ப்ளூ-ரே என்றால் எல்டிஎச் என்று போட்டதைத் தவிருங்கள். அது சாயத்தில் செய்தது. சாதாரண பிடி-ஆர் (எழுதக்கூடிய ப்ளூ-ரே) கனிமப் படலம், வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் நன்றாகத் தாங்கும். டிவிடிக்கு ஒரு பெட்டியை மட்டும் வாங்கி, மீடியா ஐடியைப் பார்த்து, 8எக்ஸில் ஒன்று, 12எக்ஸில் ஒன்று எழுதி, இரண்டையும் அந்தத் திக்கும் ப்ளேயரில் கடைசி அத்தியாயத்துக்குத் தாவி ஓடவிடுங்கள். தேறினால் மட்டும் அதே தட்டில் மொத்தமாக வாங்குங்கள். ஒவ்வொரு தட்டிலும் பத்து, பதினைந்து விழுக்காடு இடத்தைக் காலியாக விட்டு, டிவிடிசாஸ்டர் நிரலால் கூடுதல் பிழைத்திருத்தத் தரவை அங்கே நிரப்பிவிட்டால், பிற்காலத்தில் சில பகுதிகள் படிக்காமல் போனாலும் கோப்புகள் முழுசாகத் திரும்பக் கிடைக்கும்.